முதலில் ரத்தம், பிறகு பாட்டில்

குழந்தைகள் வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊசி போடவும் பாட்டில் மாட்டவும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மும்பையில் வடாலா பக்கத்து டிரஸ்ட் ஆஸ்பத்திரி ஒன்றில், ஒரே வார்டில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். முழங்கால் ஒத்துழைக்காததால் ஐம்பத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இப்போது செம்பூர் வீட்டில் இருக்கிறேன். என்னிடம் உங்களுக்குக் கொடுக்கும்படி இருப்பது ஒரு தப்பு. கவனக்குறைவால் செய்த தப்பாக இருந்தால் சொல்ல மாட்டேன். அதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். இது அக்கறையால் செய்தது.

முதலில் என் டைரியைப் பற்றி இரண்டு வரி. சீருடைப் பையில் அடங்கும் சின்ன டைரி. மணி, நிமிடம், யாருக்கு, என்ன செய்தேன், அவ்வளவுதான் எழுதுவேன். அபிப்பிராயம் எழுதுவதில்லை. ஆஸ்பத்திரியின் ரெகார்டு தனியாக இருக்கும். இது என் மனநிம்மதிக்கு. நான் கொட்டாவி விட்டாலும் மணி பார்த்துக் குறித்துக்கொள்வேன் என்று வார்டு மாவ்ஷி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். ஆயாவை மும்பையில் மாவ்ஷி என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல.

அடுத்தது எங்கள் வார்டின் பெருமை. அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'ஒரே குத்து'. ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் ஒரு தடவைதான் ஊசி குத்த வேண்டும். நரம்புக்குள்ளேயே நிற்கும் மெல்லிய குழாயான கேனுலாவைப் போட்டுவிட்டால், மருந்து ஏற்றுவதும் அதில்தான், ரத்தம் எடுப்பதும் அதில்தான். நர்ஸ் மேஜைக்குப் பின்னால் ஒரு கரும்பலகை இருந்தது. 'இந்த வாரம் இரண்டாவது குத்து' என்று எழுதி, பக்கத்தில் எண்ணிக்கையைப் போடுவோம். பெரும்பாலும் பூஜ்யம்தான் இருக்கும். அந்தப் பூஜ்யத்தைத் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் பூஜ்யம் போடுவது என் வேலை. அவ்வளவு சந்தோஷமான வேலை எனக்கு வேறு இருந்ததில்லை. தாராவியிலிருந்து வரும் அம்மாக்கள் ஒருவருக்கொருவர் சொல்லியே எங்கள் வார்டைத் தேடி வருவார்கள். அங்கே ஒரே குத்துதான் என்பார்கள்.

அப்படித் தேடி வந்தவள்தான் பேச்சியம்மாள். தாராவியில் முறுக்குச் சுட்டு மொத்தமாகக் கடைகளுக்குக் கொடுக்கும் பட்டறையில் வேலை. கணவர் தோல் பை தைக்கிறவர். திருநெல்வேலிப் பக்கம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயதுப் பெண், மூக்கில் பஞ்சு. பஞ்சு முழுக்கச் சிவப்பு. இரண்டு கால்களிலும் குண்டூசி குத்தினாற்போலப் புள்ளிகள்.

பெயர் கேட்டேன். அம்மா இசக்கியம்மாள் என்றாள். மகள் பஞ்சுக்கு அடியிலிருந்து திருத்தினாள்.

"இஷா. இஷான்னு எழுதுங்க."

"ஏட்டி, குலதெய்வத்தோட பேரு. சொல்ல வெக்கமா இருக்கோ?"

"தெய்வத்துக்கு ஸ்கூல் கிடையாதும்மா. எனக்கு இருக்குல்லா."

மூக்கிலிருந்து ரத்தம் வழியும்போது இப்படி வாதாடுகிற குழந்தையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிளேட்லெட் ஒன்பதாயிரம். ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள் லட்சக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதாயிரம். அவளுடைய எதிர்ப்புச் சக்தியே அந்த அணுக்களை எதிரி என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தது.

இதற்கு உடனடி வைத்தியம் உங்களுக்குத் தெரியும். ரத்த தானம் செய்தவர்களிடமிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். வார்டில் நாம் வெறுமனே 'பாட்டில்' என்று சொல்வது. அதை ஏற்றினால் அழிக்கிற வேகம் குறையும், பிளேட்லெட் மேலே வரும். மறுநாள் காலை ஆறரைக்கு நான்தான் மாட்டினேன். மதியம் ஒன்று இருபதுக்கு முடிந்தது. நடுவில் இளைய டாக்டர் ஒருவர் வந்தார். குழந்தைக்கு அடிக்கடி காதில் சீழ் வடிகிறது என்று அம்மா சொன்னதால், அவள் உடம்பில் எதிர்ப்புப் புரதம் போதுமான அளவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம் என்று ஒரு ஃபாரம் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஒன்றரை மணிக்கு இசக்கி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. மூக்கில் பஞ்சு இல்லை. இரண்டு நாளில் அவள் தூங்கிய முதல் தூக்கம். பாட்டில் முடிந்து, பைப்பைக் கழுவி, முதலில் வந்ததைக் கொட்டிவிட்டு, அதே கேனுலாவிலிருந்து ரத்தம் எடுத்தேன். அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. ஃபாரத்தில் மணி ஒன்று முப்பது என்று சரியாக எழுதினேன். டைரியில் அதையே எழுதி, 'குழந்தை விழிக்கவில்லை' என்று சேர்த்து, அதற்கு அடியில் ஒரு கோடும் போட்டேன். என் டைரியில் கோடு போட்ட வரிகள் மிகக் குறைவு.

ரிப்போர்ட் வந்தது. எதிர்ப்புப் புரதம் நன்றாகவே இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. கேஸ் பேப்பரில் அது பதிவானது. அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது.

அடுத்த சில மாதங்கள் நன்றாகப் போகவில்லை. ஸ்டீராய்டு மாத்திரையில் பிளேட்லெட் ஏறும். மாத்திரையைக் குறைத்தால் இறங்கும். முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. ஸ்கூலில் யாரோ கேலி செய்தபோது, நீ சாப்பிடுவது உனக்கு ஒட்டவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று இந்தியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாளாம். பேச்சி சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. காதில் சீழ் நிற்கவில்லை. இரண்டு தடவை நிமோனியாவோடு வந்து படுத்தாள்.

ஸ்டீராய்டு சாப்பிட்டால் தொற்று வரத்தான் செய்யும் என்றார்கள். வீடு தாராவியில், அங்கே காற்று அப்படி, ஈரம் அப்படி என்றார்கள். நானும் சொன்னேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், நானும் சொன்னேன். பேச்சி ஒருநாள் என்னிடம் நேராகவே கேட்டாள். சந்தைக் கல்லி என்பாள்.

"எங்க கல்லியில நாப்பது பிள்ளைய இருக்குக்கா. எல்லாம் அதே காத்தத்தான் குடிக்கி. எம் பிள்ளைக்கு மட்டும் ஏன் காது ஒழுகுது?"

நான் வேறு வேலை பார்க்கப் போனேன். பதில் இல்லாத கேள்வியைத்தான் நாம் மேலே எடுத்துப் போக வேண்டும். நான் அதை அங்கேயே விட்டுவிட்டேன். ஒரு குழந்தையின் விலாசத்தை வைத்து வியாதியை முடிவு செய்வது சுலபம். செய்கிறபோது அப்படிச் செய்கிறோம் என்றே தெரியாது.

ஐந்தாவது மாதம், ஸ்டீராய்டை இனிமேல் நீட்ட முடியாது என்ற நிலை வந்தது. வேறு ஒரு வலுவான மருந்து கொடுக்கலாம் என்று பேசினார்கள். எதிர்ப்புப் புரதம் தயாரிக்கிற அணுக்களையே அந்த மருந்து கூட்டமாக அழித்துவிடும். தாக்குவதற்கு ஆள் இல்லாவிட்டால் தாக்குதலும் நின்றுவிடும் என்பது கணக்கு. அந்த அணுக்கள் மறுபடி முளைக்கப் பல மாதம் ஆகும். அதுவரை உடம்பு தன்னிடம் இருக்கிற இருப்பை வைத்துச் சமாளிக்க வேண்டும். இருப்புதான் தாராளம் என்று ரிப்போர்ட் சொல்கிறதே. வியாழக்கிழமை கொடுப்பதாக முடிவானது.

புதன்கிழமை பிற்பகல் சில சாதாரணப் பரிசோதனைகளுக்காக இசக்கியின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். மூன்று சின்னக் குழாய்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் தன் கையை ஏதோ கடையில் ஏமாந்து வாங்கிய சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சிஸ்டர் ஆன்ட்டி, முன்னாடி நீங்க நல்லவங்களா இருந்தீங்க."

"இப்ப என்ன ஆச்சு?"

"முதல் தடவை வந்தப்போ குத்தவே இல்ல. பாட்டில் எல்லாம் ஏறினப்புறம் பைப்புல இருந்து எடுத்தீங்க. நான் தூங்கறேன்னு நெனச்சீங்க. ஒரு கண்ணால பாத்துட்டுதான் இருந்தேன்."

பாட்டில் எல்லாம் ஏறினப்புறம்.

பஞ்சை அவள் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு மருந்து அறைக்குள் போனேன். பழைய டைரிகள் அலமாரியில் ஒரு பெட்டியில் இருந்தன. அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் வசதி. பாட்டில் முடிந்தது ஒன்று இருபது. ரத்தம் எடுத்தது ஒன்று முப்பது. கோடு போட்ட வரி.

பாட்டிலில் இருப்பது பிறருடைய எதிர்ப்புப் புரதம். அது முழுவதும் உள்ளே போன பத்தாவது நிமிடத்தில் ரத்தம் எடுத்து, இந்தக் குழந்தையிடம் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறோம். இருக்கிறது, தாராளமாக இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. வராமல் என்ன செய்யும்? ரத்தம் எடுத்த மணி ஃபாரத்தில் இருந்தது. பாட்டில் ஏற்றிய மணி மருந்து சார்ட்டில் இருந்தது. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான். இரண்டும் உண்மை. இரண்டையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, நான் உட்பட.

உண்மையில் அவளிடம் இருப்பே இல்லையென்றால், ஓயாமல் காது ஒழுகியதற்கும் இரண்டு நிமோனியாவுக்கும் அதுதான் காரணமென்றால், நாளை கொடுக்கப்போகும் மருந்து அவளை ஒன்றுமே இல்லாமல் ஆக்கிவிடும்.

அப்போது மணி மூன்று இருபது. பெரிய டாக்டர் அவருடைய அறையில் இல்லை. கூட்டம் ஒன்றுக்காக வெளியே போயிருந்தார். ஃபோன் செய்திருக்கலாம். நம்பர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. நான் செய்யவில்லை. மருந்து நாளை மதியம்தானே, காலையில் நேரில் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே ஒரு காரணம் செய்துகொண்டேன். டைரியில் 'நாளை சொல்ல வேண்டும்' என்று எழுதினேன். எழுதிவிட்டால் செய்துவிட்டதுபோல ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அது டைரி எழுதுகிறவர்களின் வியாதி. அன்று சாயங்காலம் ஹார்பர் லைன் ரயிலில் செம்பூரில் இறங்காமல் அடுத்த ஸ்டேஷன் கோவண்டி வரை போய்த் திரும்பி வந்தேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

பெரிய டாக்டர் என்று நான் சொல்வது எங்கள் பிரிவின் தலைவியை. மராத்திக்காரர். சர்க்கரை இல்லாத டீ குடிப்பார். குரலை உயர்த்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வலுவான மருந்து எதையும் தொடங்குவதற்கு முன்னால், அந்தக் குழந்தையைக் கவனிக்கிற எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து, இதைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு யாரிடமாவது காரணம் இருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்பார். வயதில் சிறியவரிடமிருந்து ஆரம்பிப்பார். பெரியவர்கள் பேசிவிட்டால் சிறியவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் வருடக்கணக்கில் யாரும் எதுவும் சொல்லாததால், அது டீ வருவதற்கான அடையாளமாகிவிட்டிருந்தது. கடைசி ஆள் தலையாட்டும்போது வார்டு மாமா, அதாவது ஆண் உதவியாளர், தட்டோடு உள்ளே வருவார்.

வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பது. இசக்கிக்கு வலது கையில் கேனுலா போட்டு, வெறும் உப்புநீர் ஓடிக்கொண்டிருந்தது. அறையில் மூன்று டாக்டர்கள், நான், பெரிய டாக்டர். காலையிலேயே நேரில் சொல்லிவிடலாம் என்று நான் நினைத்திருந்தது நடக்கவில்லை. அவர் ஒன்பது மணியிலிருந்து ஐசியூவில் இருந்தார். கேள்வி வரிசையாக வந்தது. ஒருவர் இல்லை என்றார். அடுத்த இருவரும் இல்லை என்றார்கள். என் முறை வந்தபோது மாமா கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு டீயோடு நுழைந்துவிட்டார்.

நான் எழுந்து நின்றேன். அந்த அறையில் யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது, அது என் தப்பு என்று சொன்னேன். அந்தப் பழைய டைரியைத் திறந்து வைத்தேன். பெரிய டாக்டர் டைரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். பாட்டில் முடிந்து எத்தனை நிமிடம் என்று கேட்டார். பத்து என்றேன்.

அவர் டீயை மேஜையில் வைத்தார். அப்படியானால் நாம் பரிசோதித்தது இந்தக் குழந்தையை அல்ல, ரத்த தானம் செய்த முகம் தெரியாத ஆயிரம் பேரை. அவர்கள் எல்லோரும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார்கள், சந்தோஷம் என்றார். யாரும் சிரிக்கவில்லை. மாமா மட்டும் ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துத் தலையாட்டினார்.

இளைய டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. பெரிய டாக்டர் அவரைப் பார்த்து, ஃபாரம் எழுதும்போது எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதாதது உன் பங்கு. பல வகைப் புரதங்களில் ஒரே வகையை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியானது என் பங்கு என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். இது எப்போது தெரிந்தது என்று கேட்டார்.

"நேற்று மூன்று இருபதுக்கு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பதினொன்று ஐம்பது. என் வேலைக்காலத்தில் நான் வாங்கிய மிகப் பெரிய திட்டு அதுதான்.

முடிவு இரண்டு நிமிடத்தில் வந்தது. வலுவான மருந்து நிறுத்தம். உடனே புதிய ரத்தம், எல்லா வகைப் புரதங்களுக்கும். பிளேட்லெட் குறைவாக இருப்பதால் அதற்குப் பிறகு வழக்கமான பாட்டில். ரத்தம் கேனுலாவிலிருந்து வேண்டாம், மறு கையிலிருந்து புதிதாகக் குத்தி எடுங்கள், இந்தத் தடவை யாருக்கும் துளி சந்தேகம் இருக்கக் கூடாது என்றார். முந்தைய நாளே நான் ஃபோன் செய்திருந்தால் அந்த மூன்று குழாய்களோடு நான்காவதாக ஒன்று எடுத்திருக்கலாம். என் கூச்சத்துக்கு ஒரு குழந்தை ஒரு குத்து வாங்கப்போகிறது.

பேச்சியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொல்லட்டும் என்று விட்டுவிடாதீர்கள். தப்பு யாருடையதோ அவர்தான் போய்ச் சொல்ல வேண்டும். புரதம், பரிசோதனை என்று நான் சுற்றி வளைத்தேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் இரண்டு மணி நேரம் வருகிற தண்ணீரைப் பிடித்து டிரம்மில் நிரப்பி நாள் முழுவதும் ஓட்டுகிறவள். குழாயை நல் என்பாள், அங்கே எல்லோரையும்போல.

"அப்பம் பக்கத்து வீட்டு நல்லுல டியூப்பு போட்டு எங்க டிரம்ம நெறச்சிட்டு, மூடியத் தொறந்து பாத்து, இவிய நல்லுல தண்ணி நல்லா வருதுன்னு எழுதிட்டிய. அப்படித்தானக்கா?"

இருபது நிமிடம் நான் சொன்னதை ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அப்படித்தான் என்றேன். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பிள்ள தூங்கட்டும்னுதான அப்படிச் செஞ்சிய?"

"ஆமா."

"இனிமே முழிக்க வச்சே செய்யுங்க."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

அடுத்தது இசக்கி. படுக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மாவ்ஷியோடு சீட்டு ஆடிக்கொண்டிருந்தாள், ஜெயித்துக்கொண்டும் இருந்தாள். அவளிடமும் சொன்னேன். உன் ரத்தத்தைத் தப்பான நேரத்தில் எடுத்துவிட்டேன், அதனால் இன்று இன்னொரு தடவை எடுக்க வேண்டும், இந்தக் கையில்.

அவள் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"தப்பு பண்ணினது நீங்க. குத்து எனக்கா?"

மாவ்ஷிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு, முகத்தைத் திருப்பிச் சிரித்தார். நியாயம்தான், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். இசக்கி யோசித்தாள். என் புத்தகத்தில் இதை எழுத வேண்டும், சிவப்புப் பேனாவில் எழுத வேண்டும், எழுதுவதை அவள் பார்க்க வேண்டும். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் எழுதியதை நான் சத்தமாகப் படித்தும் காட்ட வேண்டும். என் டைரியில் சிவப்பு மை பட்டதே இல்லை. மாவ்ஷி பேனா தேடிக் கொண்டுவந்தார். 'இசக்கிக்கு இரண்டாவது குத்து. காரணம்: என் தப்பு' என்று எழுதிப் படித்தேன்.

"இஷாவுக்கு" என்றாள்.

அடித்துத் திருத்தினேன். பிறகு இடது கையை நீட்டினாள். ஸ்டீராய்டில் உப்பிய கை; நரம்பு தட்டுப்படவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவி ஒன்றைக் கண்டுபிடித்தேன். முதல் குத்திலேயே வந்தது. அவள் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, குழாய் நிறைகிற வரை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் பாட்டிலை மாட்டினேன். கரும்பலகையில் பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டேன்.

ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நான் என் முடிவுகளை எல்லாம் மனசுக்குள் எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். தேவையில்லாமல் மருந்தைத் தள்ளிப்போட வைத்துவிட்டேனோ என்ற பயமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கே காலுக்குத் தாள் வந்தது. எல்லா வகையும் குறைவு. சாதாரணமாக இருக்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லை. ஒரு குழந்தைக்கு வியாதி இருக்கிறது என்று எழுதிய தாளைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான். வியாதி அவளுக்கு முன்பே இருந்தது. அன்றுதான் அது எங்களுக்குத் தெரிந்தது.

பெரிய டாக்டர் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். பேச்சியிடம் இந்தியில் விளக்கினார். பாதுகாக்க வேண்டிய சக்தி போதவில்லை. இருக்கிற கொஞ்சமும் தப்பான இடத்தைத் தாக்குகிறது. இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு பக்கம். இது படித்தவர்களுக்கே குழப்பமானது. இல்லாத சக்தி எப்படித் தாக்கும் என்று நர்சிங் மாணவிகள் என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். பேச்சி என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"பைப்பு ஒடஞ்சிருக்கு. அதான் நல்லுலயும் வரல, வரக்கூடாத எடத்துலயும் ஒழுகுது."

மொழிபெயர்த்தேன். பெரிய டாக்டர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வகுப்பில் அவர் மாணவர்களுக்கு அதையே சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வைத்தியத் திட்டம் தலைகீழானது. இன்னும் அடக்குவதற்குப் பதிலாக முதலில் நிரப்புவது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பாட்டில், ஒரு தடவைகூடத் தவறாமல். தாக்குதலைச் சாந்தப்படுத்த வேறு ஒரு மிதமான மருந்து. அந்த வலுவான மருந்து அலமாரியில் இருக்கட்டும், ஒருநாள் தேவைப்படலாம், ஆனால் இருப்பு நிறைந்த பிறகு என்றார். ஸ்டீராய்டு படிப்படியாகக் குறைந்து நின்றது.

ஏழாவது பாட்டிலுக்கு வந்தபோது இசக்கியின் முகத்தில் பழைய தாடை வெளியே வந்திருந்தது. காது காய்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பேச்சி ஒரு டப்பா முறுக்கை மேஜையில் வைத்துவிட்டு அலுத்துக்கொண்டாள்.

"முன்னால காது ஒழுகிச்சு, அதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கான்னு நெனச்சேன். இப்பம் காது நல்லாத்தான் இருக்கு. பேச்சு மட்டும் கேக்க மாட்டேங்கா."

அந்த வருடம் ஸ்கூல் விளையாட்டு விழாவில் சாக்கு ஓட்டத்தில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். முன்பு ஒரு இடி இடித்தாலே கால் நீலமாகிவிடும் பெண். எல்லா அம்மாக்களும் ஓடிப்போய் அழுகிற குழந்தைகளைத் தூக்க, பேச்சி மகளின் காயத்தைக் குனிந்து பார்த்து, ரத்தம் தானாக உறைந்து பொருக்குத் தட்டியிருப்பதைக் கண்டு, அங்கேயே கைதட்டினாளாம். என் அம்மாவுக்கு மூளை சரியில்லை என்று இசக்கி வார்டு முழுக்கப் புகார் சொன்னாள். அந்தப் பொருக்கை எங்கள் எல்லோருக்கும் காட்டினாள். பெரிய டாக்டர்கூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

கரும்பலகை இன்னும் இருக்கிறது. 'இரண்டாவது குத்து' கணக்கை நாங்கள் விட்டுவிடவில்லை. குழந்தையை வலிக்காமல் நடத்துவது தப்பே அல்ல. ஆனால் அதற்கு மேலே ஒரு வரி வந்தது. முதலில் ரத்தம், பிறகு பாட்டில். என்னை எழுதச் சொன்னார்கள். இசக்கி சாக்குக்கட்டியைப் பிடுங்கி, ஸ்டூலில் ஏறி நின்று, இந்தியில் எழுதினாள். வெளுத்தால் அவளே வந்து மேலே எழுதிக்கொள்வாள். நீங்கள் யாரும் அதைத் தொட வேண்டாம்.

நான் ஓய்வு பெற்ற நாள் அவளுடைய பாட்டில் நாளாக அமைந்தது. அவளே அம்மாவிடம் சொல்லித் தேதியை ஒரு நாள் முன்னதாக மாற்றிவைத்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. டைரியைக் கேட்டாள். அந்தப் பழைய டைரியைத்தான். சிவப்புப் பக்கத்தைத் திறந்து, என் எழுத்துக்கு அடியில் கையெழுத்துப் போட்டாள். தமிழில். இஷா என்று அல்ல, இசக்கியம்மாள் என்று முழுசாக. அந்த எட்டு எழுத்தை மட்டும் அம்மாவிடம் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். தெய்வத்துக்கு ஸ்கூல் இல்லையே என்றேன். இப்போது மன்னித்துவிட்டேன் என்றாள். தெய்வத்தையா என்னையா என்று நான் கேட்கவில்லை.

அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு வருவாள். ஜன்னல் ஓரப் படுக்கையைத்தான் கேட்பாள். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டிய நாளாக இருந்தால், நீங்கள் பாட்டிலைத் தொடுவதற்கு முன்னால் "ரத்தம் எடுத்தாச்சா?" என்று கேட்பாள். உங்களுக்குக் கோபம் வரும். நமக்கே பாடமா என்று தோன்றும். எடுத்தாயிற்று என்று வாயால் சொல்லி நிறுத்திவிடாதீர்கள், நம்ப மாட்டாள். குழாயைத் தூக்கிக் காட்டுங்கள். அதில் ஒட்டியிருக்கிற சீட்டில் உள்ள மணியைப் படிப்பாள், பாட்டிலில் எழுதிய மணியைப் படிப்பாள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். பிறகு கையை நீட்டுவாள்.